படலையடியில் நின்றவன்

கெட்டவனைச் சனம் வெறுக்க வேண்டும் என்று எடுத்த படம் அது. கட்டிய மனைவியையும் கைப்பிள்ளையையும் விட்டுவிட்டு ஒருவன் இன்னொருத்தியோடு ஓடிப்போகிறான். கூட்டாளியை ஏமாற்றுகிறான், பொய்ச் சத்தியம் செய்கிறான், குடிக்கிறான். கடைசியில் எல்லோரும் கைவிட, கொட்டுகிற மழையில் பழைய வீட்டு வேலிக் கதவான படலையடியில் வந்து நிற்கிறான். உள்ளே பிள்ளை, "அப்பா எங்கேம்மா?" என்று கேட்கிறது. "உன் அப்பா செத்துப்போயிட்டார்" என்கிறாள் தாய். படலையில் வைத்த கையை எடுத்துக்கொண்டு அவன் திரும்பி நடக்கிறான். அதுதான் அவனுக்குத் தண்டனை. படமும் அத்தோடு முடிகிறது.

எடுத்தவர் யோக்கியமான மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனால் நல்லவளுக்கு உபதேசத்தைக் கொடுத்துவிட்டு, கெட்டவனுக்குப் பசியையும் மழையையும் கொடுத்துவிட்டார். அவனைத் தண்டிக்கத் தண்டிக்கச் சனத்துக்கு அவன்மேல் இரக்கம் பெருகியது. நயினாதீவில், தெற்கே கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் சால்வையால் மூக்கைத் துடைத்துவிட்டுத் தடிமன் என்று சொன்னார். இறுப்பிட்டியில் ஒரு மனிசி எழும்பி நின்று, "எடியே, ஒருக்கா வெளியிலை எட்டிப் பாரனடி" என்று கதாநாயகியை ஏசினாள். நான் படம் ஓட்டும் மெசினுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் தியாகலிங்கம், ஊர் வேலணை. பதினாறு மில்லிமீற்றர் மெசின் ஒன்றையும் ஜெனறேற்றர் ஒன்றையும் கட்டிக்கொண்டு தீவு தீவாகப் படம் காட்டித் திரிந்த காலம் அது. மாவுக்கும் பாணுக்கும் சனம் வரிசையில் நின்ற எழுபத்திமூன்றாம் ஆண்டு ஆடி மாதம், ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு கரையூருக்கு யாகப்பர் திருநாளுக்காக என்னை அழைத்திருந்தார்கள். ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஆட்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கத்தைக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் புதிதாக வந்திருந்த சுவாமியார்தான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார். குடும்பத்தை மறந்து திரிகிற ஆண்களுக்கு இது நல்ல சாட்டையடி என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

திரைக்கு, அங்கே கடற்தொழில் செய்த சில்வெஸ்ரர் அண்ணையின் வள்ளத்துப் பாயைத்தான் கட்டினோம். அந்த ஊரில் அதைவிட அகலமான வெள்ளைத் துணி இல்லை. தென்மேற்குச் சோளகக் காற்று அடிக்க அடிக்கப் பாய் முன்னுக்குத் தள்ளும். கதாநாயகி உபதேசம் செய்யும்போதெல்லாம் அவளுக்கு வயிறு வீங்கும், பெடியள் விசிலடிப்பார்கள். ஆனால் கடைசிக் காட்சி வந்தபோது காற்றும் அடங்கியதுபோல இருந்தது. படலையில் கை வைத்தபடி அவன் நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விம்மல், பிறகு இன்னொன்று, பிறகு செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. சுவாமியார் கதிரையை விட்டெழுந்து திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எனக்கு அடுத்த காட்சி நெடுந்தீவில். கடல் கொந்தளிப்பு, வள்ளம் போகாது என்றார்கள். மெசினோடும் றீல் பெட்டிகளோடும் சில்வெஸ்ரர் அண்ணை வீட்டிலேயே தங்கிவிட்டேன். கடலுக்குப் போகாத ஆண்கள் பூவரசு நிழலில் அறுந்த வலை பொத்தினார்கள். நானும் சும்மா இருக்காமல் நூல் கொண்டையைப் பிடித்துக் கொடுத்தேன்.

ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. மற்ற வீட்டில் அவருடைய தங்கை மேரிஜோசப்பினும் அவள் மகள் ஜசிந்தாவும். மேரிஜோசப்பினை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். தங்கையின் புருசன் கிறிஸ்தோப்பர் காலஞ்சென்றவர் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஜசிந்தாவுக்கு அடுத்த புதன்கிழமை கலியாணம், மாப்பிள்ளை நாரந்தனை. கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது அவர்களுடைய வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகனுக்கும், இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது வரப்போகிற ஞாயிறு.

படம் காட்டிய மறுநாள் காலை பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்த அக்கா கோப்பையைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"தம்பி, அந்தப் படலையடித் துண்டை இன்னொருக்கா காட்ட ஏலுமோ?"

"இப்பவோ அக்கா? வெளிச்சத்திலை ஒண்டும் தெரியாதே."

"கருவாட்டு அறை இருக்கு. சுண்ணாம்படிச்ச சுவர். யன்னலைச் சாக்காலை அடைச்சுவிடுறன்."

சாக்கால் அடைத்த பிறகு அந்த அறையில் மூச்சு விடுவது பெரிய காரியம். கருவாட்டு மணம் ஒரு பக்கம், மெசின் சூடு ஒரு பக்கம். வாசலில் அண்ணை குந்தியிருந்தார். ஜசிந்தா தாய்க்குப் பின்னால் நின்றாள். கடைசி றீலைப் போட்டேன். சுவரில் மழை பெய்தது. அவன் வந்தான், படலையில் கை வைத்தான்.

"நிப்பாட்டும் தம்பி!" என்றாள் அக்கா.

"நிப்பாட்ட ஏலாது அக்கா. ஓடிக்கொண்டிருந்தால்தான் படம் தப்பும். நிண்டால் லைற் சூட்டிலை பொசுங்கிப்போம்."

அதற்குள் அவன் திரும்பி நடந்துவிட்டான். றீல் முடிந்து வெறும் வெளிச்சம் சுவரில் விழுந்தது.

"இதிலை என்ன கிடக்கெண்டு பாக்கிறாய்?" என்றார் அண்ணை.

"அண்ணை, நான் அவனைப் பாக்கேல்லை. அவளைத்தான் பாத்தனான். செத்துப்போனார் எண்டு அவள் சொல்லேக்கை என்ன மூஞ்சை வைச்சுக்கொண்டிருக்கிறாள் எண்டு பாத்தனான். மூக்கை நிமித்திக்கொண்டு, பெரிய கற்புக்கரசி மாதிரி. எனக்குப் பத்திக்கொண்டு வருது. நானும் அப்பிடித்தானே நிண்டிருப்பன்."

"வாயை மூடு. வெளியாள் நிக்கிறான்."

"நிக்கட்டும். தம்பி, என்ரை மனிசன் சாகேல்லை. அளம்பிலிலை இருக்கிறார். சோளகக் காத்துக் காலத்திலை எங்கடை ஆம்பிளையள் கரையிலை கொட்டில் கட்டி வாடி போட்டுத் தொழில் செய்ய முல்லைத்தீவுக் கரைக்குப் போறவை. அப்பிடிப் போனவர் அங்கை ஒருத்தியோடை நிண்டிட்டார். இவள் அப்ப மணலிலை விளையாடித் திரியிறாள். வருசா வருசம் திரும்பி வாற ஆக்களிட்டை ஒரு பொட்டலம் பாரைக் கருவாடு குடுத்து விடுவார். நான் ஒருநாளும் சட்டியிலை வைக்கேல்லை. அப்பிடியே அயலுக்குக் குடுத்திடுவன்."

"உன்னை மட்டுமோ விட்டிட்டுப் போனவன்? என்ரை புது வலையையும் கொண்டெல்லே போனவன்!" அண்ணை எழும்பிவிட்டார். "ஓடினவன்ரை பிள்ளை எண்டால் ஆர் எடுப்பினம்? அதுதான் காலஞ்சென்ற எண்டு போட்டு ஓலைக்குப் பேர் குடுத்தனான். ஊர் முழுக்கத் தெரியும். ஒரு நாய் வாய் திறந்ததோ?"

"திறக்கேல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. ரண்டு ஞாயிறு கோயிலுக்கை இருந்து கேட்டனான் அண்ணை. காலஞ்சென்ற கிறிஸ்தோப்பர் எண்டு சுவாமி வாசிக்கேக்கை நான் சுத்திப் பாத்தனான். ஒருத்தரும் இருமக்கூட இல்லை. ஊரே சேந்து அந்த மனிசனைத் தாட்டுப்போட்டுது. முதல் மண் நான் போட்டது."

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"மூண்டாம் ஓலையிலை அந்தச் சொல்லை எடுக்கவேணும்."

"எடுத்தால் நாரந்தனையார் எழும்பிப் போவினம். மாப்பிள்ளையின்ரை தாய் மாக்கிறேற் மனிசி எப்பிடிப்பட்டவ எண்டு தெரியுமெல்லே? பொய் சொன்ன வீட்டிலை பச்சைத்தண்ணியும் குடிக்க மாட்டா. ஒரு படத்தைப் பாத்திட்டு உன்ரை பிள்ளையின்ரை வாழ்வைக் கடலிலை போடப்போறியோ?"

அக்கா மகளைப் பார்த்தாள். ஜசிந்தாவின் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெட்டைக்கு மாப்பிள்ளையில் விருப்பம் என்பது எனக்கே தெரியும். திருநாளன்று ஐஸ்பழக்காரனுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்ற நிலையைப் பார்த்தவன் நான்.

"வாற ஞாயிறோடை எல்லாம் முடிஞ்சிடும் எண்டு இருந்தனான் அம்மா," என்றாள் அவள். மூக்கை உறிஞ்சினாள். "அப்பா என்னைத் தோளிலை வைச்சுத் தண்ணிக்கை நடந்தது ஞாபகம் இருக்கு. முகம்தான் ஞாபகம் இல்லை. இவன் வந்து நிக்கேக்கை இந்த முகமாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்." தாயின் தோளில் கை வைத்தாள். "போய்ச் சொல்லுங்கோ. நானும் வாறன்."

சில்வெஸ்ரர் அண்ணை யன்னல் சாக்கை இழுத்து எறிந்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அவர் சோறு தின்னவில்லை.

சனிக்கிழமை சுவாமியார் என்னைக் கூப்பிட்டு விட்டார். நானும் நல்லதைச் சொல்லப்போகிறார் என்று போனேன்.

"என்ன படம் காட்டினீர்? பாவத்துக்குப் பயப்படட்டும் எண்டு படம் போடச் சொன்னால், சனம் பாவிக்காக அழுகுது! செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வாற பெண்டுகள் எல்லாம், சுவாமி அந்த மனிசன் எங்கை போயிருப்பான் எண்டு என்னைக் கேக்குதுகள். எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சுவாமி, நான் எடுக்கேல்லை, ஓட்டினது மட்டும்தான்," என்றேன்.

அப்போதுதான் தாயும் மகளும் வந்து முழங்காலில் நின்றார்கள். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"சுவாமி, ஓலையிலை பொய் இருக்கு. என்ரை மனிசன் உயிரோடை இருக்கிறார்."

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாவற்றையும் கேட்டார். கோபம் வந்தது, அடக்கினார், மறுபடி வந்தது.

"கோயிலுக்கை பொய் வாசிக்க வைச்சிருக்கிறியள். இப்ப ஏன் வந்து சொல்லுறீர்? அந்தக் கெட்டவனைப் பாத்தோ?"

"ஓம் சுவாமி."

"அவன் செய்தது பாவம்."

"பாவம்தான். ஆனால் ஆண்டவருக்குப் பக்கத்திலை சிலுவையிலை தொங்கினவனை நாங்கள் நல்ல கள்ளன் எண்டுதானே சொல்லுறம், சுவாமி."

சுவாமியார் என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார்.

ஞாயிறு பூசைக்கு நானும் போனேன். சைவ சமயத்தவன் என்பதால் வாசல் தூணோடு நின்றேன். நாரந்தனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். மாக்கிறேற் அம்மா முன் வரிசையில், கறுப்புக் கரை வெள்ளைச் சேலையில், நேராக இருந்தா. சுவாமியார் ஓலையை எடுத்தார். மாப்பிள்ளையின் பெயர், அவன் தாய் தகப்பன் பெயர். பிறகு சொன்னார்: "அளம்பிலில் வசிக்கும் கிறிஸ்தோப்பருக்கும் இவ்விடத்து மேரிஜோசப்பினுக்கும் பிறந்த மகள் ஜசிந்தாவுக்கும்."

இரண்டு ஞாயிறு இருமாத ஊர் அன்றைக்கு இருமியது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் கேட்டபோது எல்லாத் தலையும் முன் வரிசைக்குத் திரும்பின. மாக்கிறேற் அம்மா அசையவில்லை.

பூசை முடிந்து மாதாவின் சுருவச் சிலையடியில் வைத்து அவ அக்காவைப் பிடித்துக்கொண்டா.

"சம்மந்தி, எனக்குப் பொய் சொன்னனீங்கள்."

"ஓம்."

"பிள்ளையைப் பெண் கேட்டு வந்த அண்டைக்கு, மனிசன் எப்பிடிச் செத்தவர் எண்டு கேட்டனான். கடலிலை எண்டு சொன்னீங்கள். நான் வீட்டை போய் அவருக்காக ஒரு செபமாலை சொன்னனான், தெரியுமோ?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஜசிந்தாவின் கை தாயின் சேலையைப் பிடித்திருந்தது.

மாக்கிறேற் அம்மா பெரிதாக மூச்சு விட்டா. "முதல் நாள் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தச் சம்மந்தம் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். இப்ப என்னெண்டு சொல்லுறது? படத்திலை ஆரோ ஒருத்தன் படலையிலை நிண்டு திரும்பிப் போனதுக்குத் திருநாளண்டு இந்த ஊர்ச்சனத்துக்கு முன்னாலை தொண்டை கிழிய அழுதவள் நான். அழுத கண்ணோடை உங்கடை மனிசனுக்குக் கதவடைச்சால் என்னைப் பாத்து ஊர் சிரிக்கும்." பிறகு குரல் தணிந்தது. "புதன்கிழமைக்குள்ளை கூப்பிடுங்கோ அந்த மனிசனை. மகளின்ரை கையைப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டும்."

அக்கா அன்றைக்குச் செய்ததை எல்லாம் சொன்னால் நம்பமாட்டீர்கள். முற்றத்தைக் கூட்டினாள். கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டினாள். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து புருசன் உடுத்த சாரம் ஒன்றை எடுத்து உதறி வெயிலில் போட்டாள். அத்தனை வருசமும் அது அங்கேதான் மடித்துக் கிடந்திருக்கிறது. குசினி அடுப்பில் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் கொதித்தது. நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சினாள். எனக்கு இரண்டு கோப்பை ஊற்றினாள். "அவருக்கு உறைப்புக் கூட வேணும்," என்று யாரும் கேட்காமலே சொன்னாள். அவள் பாடியதைக்கூட நான் கேட்டேன்.

அழைத்துவரப் போனது யார் தெரியுமா? சில்வெஸ்ரர் அண்ணைதான். "என்ரை வலை எங்கை எண்டு கேக்கத்தான் போறன்," என்று சொல்லிக்கொண்டு திங்கள் விடிய பஸ் ஏறினார். சட்டைப் பொக்கற்றில் மச்சானுக்கு ஒரு சுருட்டுக்கட்டு இருந்தது.

செவ்வாய் பின்னேரம் தனியாக வந்தார். கையில் பனையோலையால் இழைத்த ஒரு குட்டான் பெட்டி. படலைக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

"எங்கை அவர்?" என்றாள் அக்கா.

"இரு பிள்ளை."

"இருக்க மாட்டன். எங்கை?"

அண்ணை பூவரசடியில் குந்தினார். "வாடி வெறுமையாக் கிடக்கு. அவனோடை இருந்த பெட்டை செத்துக் கனகாலமாம், பிள்ளை குட்டியும் இல்லையாம். தனியச் சமைச்சுத் தனியத் திண்டுகொண்டு இருந்தவனாம். என்ரை வலை அங்கை கூரை வளையிலை தொங்குது. ஒரு கண் அறாமல் பொத்தி வைச்சிருக்கிறான்." சுருட்டுக்கட்டைப் பொக்கற்றிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்தார். "முதல் ஓலை வாசிச்ச கிழமை எங்கடை ஊரான் ஒருத்தன் அங்கை போய், உன்னைக் கோயிலிலை செத்தவனாக்கிப்போட்டாங்கள் எண்டு பகிடியாச் சொல்லியிருக்கிறான். இவன் கோவிக்கேல்லையாம். ஆர் சொன்னது எண்டு மட்டும் கேட்டவனாம். வீட்டார்தான் எண்டவுடனை, அப்ப சரி எண்டானாம்."

"பிறகு?"

"செத்தவன் உயிரோடை திரிஞ்சால் பிள்ளையின்ரை கலியாணம் குழம்பும் எண்டு சொல்லிப்போட்டு, உடுத்த உடுப்போடை கரையாலை தெற்கை நடந்திட்டானாம். திருகோணமலைப் பக்கமோ அங்காலையோ, ஒருத்தருக்கும் தெரியாது. நான் ரண்டு மூண்டு கரை விசாரிச்சனான். இதைப் பக்கத்து வாடிக்காரனிட்டைக் குடுத்திட்டுப் போயிருக்கிறான், கலியாணத்துக்காம்."

குட்டானுக்குள் பாரைக் கருவாடு. உப்பு அளவாகப் போட்டு, முள் நீக்கி, வாழைச்சருகில் சுற்றி, அடுக்கடுக்காக இருந்தது. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. கெட்டவன் என்று எல்லோரும் சேர்ந்து வைத்த பெயரை அவன் ஒரே நடையில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

புதன்கிழமை கலியாணம் நடந்தது. ஜசிந்தாவின் கையைப் பிடித்துக் கோவிலுக்குக் கூட்டிப்போனது மாமன். கலியாணச் சாப்பாட்டில் பாரைக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள் அக்கா. கலியாணத்தில் கருவாடா என்று ஒருவரும் கேட்கவில்லை. மாக்கிறேற் அம்மா இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டா. அக்கா ஒரு துண்டை எடுத்துச் சோற்றில் வைத்துக்கொண்டு, தின்னாமல் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருசத் திருநாளுக்கும் நான்தான் போனேன். சுவாமியார் இந்த முறை அற்புதங்கள் நிறைந்த பக்திப்படம் ஒன்றைக் கேட்டிருந்தார். ஒருவரும் அழவில்லை, அவருக்குத் திருப்தி. மறுநாள் காலை அக்கா பிளேன்ரீயோடு வந்தாள். மெலிந்திருந்தாள். அந்த வளவின் படலை கொண்டி போடாமல் கல் வைத்துத் திறந்தபடி கிடப்பதை வரும்போதே கண்டிருந்தேன். மாடு பூந்து கத்தரிச்செடியைத் தின்கிறது என்று அண்ணை ஏசுவாராம். ஏசுவதோடு சரி, அவரும் சாத்துவதில்லை.

"தம்பி, அந்தப் படம் இருக்கோ?"

"தேய்ஞ்சு போச்சு அக்கா. ஒருத்தரும் கேக்கிறதில்லை. கடைசி றீல் மட்டும் என்னட்டைக் கிடக்கு." உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கருவாட்டு அறையில் சாக்கு ஏற்கெனவே தொங்கியது. இந்த முறை நாங்கள் இருவர் மட்டும். சுவரில் மழை பெய்தது. கோடு விழுந்த பழைய படம்; மழை முன்னையைவிடப் பலமாகத் தெரிந்தது. அவன் வந்தான்.

"தம்பி, நிப்பாட்டினால் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ஒரு மூச்சு நேரம் அக்கா."

"அவ்வளவு காணும் எனக்கு."

அவன் படலையில் கை வைத்தான். நான் நிறுத்தினேன்.

அக்கா எழும்பிச் சுவரடிக்குப் போனாள். அவளுடைய நிழல் அவன்மேல் படாமல் ஒதுங்கி நின்று, பக்கத்து அறையில் இருக்கிறவருக்குச் சொல்வதுபோல, "இஞ்சாருங்கோ, படலை திறந்துதான் கிடக்கு. வாங்கோ," என்றாள்.

அவன் தோளில் ஒரு தவிட்டு நிறப் புள்ளி வந்தது. அது பெருத்து முகத்தைத் தின்றது. கருகல் மணம் அடித்தது. நான் அவசரமாக றீலை ஓடவிட்டேன். கை போய்விட்டது, முகம் போய்விட்டது. மழையில் நடந்து போகிற முதுகு மட்டும் சுவரில் தெரிந்தது.

"கேட்டிருக்காது தம்பி," என்றாள் அக்கா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யன்னல் சாக்கை எடுத்தாள். வெயில் உள்ளே வந்தது. "அடுத்த முறை வரேக்கை கொஞ்சம் முன்னமே நிப்பாட்டும்."